பந்து மார்க் அரிசி

நான் கோல்கீப்பர் ஆனதற்குத் திறமை காரணமில்லை. மேற்குக் கோல் போஸ்டுக்குப் பின்னால் இருந்த வயல் எங்கள் அப்பா சாகுபடி செய்தது. அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் பயிர் கதிர் வாங்கிவிட்டால் வயலுக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது. மிராசுதாரே வந்தாலும் வரப்போடு நின்றுகொள்ள வேண்டியதுதான். உள்ளே இறங்கும் உரிமை சாகுபடி செய்கிற வீட்டாருக்கு மட்டும். பந்து கோலுக்கு மேலே பறந்து வயலில் விழுந்தால், எங்கள் வீட்டு ஆள் போய் எடுத்துத் தந்தால்தான் ஆட்டம் தொடரும். எல்லோரும் வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், கடைசியில் கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தான். "நீ எங்கயோ ரைட் அவுட்ல நின்னு என்னத்தக் கிழிக்கற மாப்ள, பேசாம கோல்ல நில்லு. அப்பப்ப எறங்கி எடுத்துக்கலாம்." அன்றிலிருந்து நான் கோலி. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினாலும் விடமாட்டார்கள். எதிரணிக் கோலி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், நான் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து வயலில் இறங்குவேன்.

வலங்கைமானுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பஸ் ஏற வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. ஊருக்குக் கிழக்கே வயலைவிட உயரமாக ஒரு திடல். தை மாசியில் அது போரடிக்கும் களம். மற்ற நாளெல்லாம் மாடும் நாங்களும். திடலும் அதை ஒட்டிய நிலமும் தஞ்சாவூரில் குடியிருந்த ஒரு மிராசுதாருக்குச் சொந்தம். எங்கள் கால்பந்துக் கிளப்பை ஒரு தையற்கடைக்காரர் நடத்திக்கொண்டிருந்தார். நடத்தினார் என்றால், பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டினார், கிழிந்த பனியன்களை ஓரம் அடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நிர்வாகம். அதற்குமேல் எங்களுக்கும் தேவைப்படவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அஞ்சு மா வயலுக்காக, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். செங்கொடிச் சங்கமும் மிராசுதார்களும் ஊருக்கு ஊர் மோதிக்கொண்டிருந்த காலம். கீழே ஒரு கொடி, மேலே கோட்டையில் ஒரு கொடி, நடுவில் போலீஸ் வேன். ஒரு சம்பா அறுப்பில் மிராசுதாரின் காரியக்காரர் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வயலை அறுக்க வந்தார். நிலத்தைவிட்டு ஆளைக் கிளப்ப அதுதான் வழி, ஒரு வெள்ளாமையை அறுத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த பட்டத்துக்கு விதைநெல்லுக்கே கையேந்த வேண்டும். அப்பா வரப்பில் போய் நின்றார். மற்ற குத்தகைக்காரர்களும் நின்றார்கள். அடி விழுந்தது. ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஆனால் வெளியூர்க்காரன் ஒருத்தன்கூட வயலில் இறங்கவில்லை.

பிறகு குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பதிந்துவிட்டார். பதிவான அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து சாப்பிட்டார். இனி அவரை அந்த நிலத்திலிருந்து யாரும் வெளியேற்ற முடியாது. அதற்குப் பிறகுதான் அவர் நாங்கள் ஆடுவதையே நின்று பார்க்க ஆரம்பித்தார். அதுவரைக்கும் பந்து அவருக்கு எலி, நண்டு மாதிரி பயிருக்கு ஒரு தொல்லை.

மண்வெட்டியைத் தோளில் போட்டபடி வரப்பில் நிற்பார், உட்கார மாட்டார். ஆட்டத்தில் அவருக்குப் புரிந்த ஒரே ஆள் நான்தான். "மத்தவன்லாம் சும்மா ஓடறான். மடைய காக்கறவன் நீதான்" என்பார். நான் ஒரு பந்தை விட்டுவிட்டால் அன்று ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது, "எடது பக்கம் ஒடைச்சுக்கிட்டுப் போயிடுச்சு போலருக்கே" என்று விசாரிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி வந்தார்.

சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். திடலைத் தாண்டி ரோட்டோரம் மூடிக்கிடந்த அரிசி மில்லை வாங்கிப் புது மெஷின் போட்டார். எந்தக் கட்சி ஆட்சியோ அந்தக் கரை வேட்டி, ஆட்சி மாறினால் மறுநாளே கரையும் மாறிவிடும். அதை நாங்கள் அப்போதே கேலி பேசினோம், ஆனால் கேலி பேசியதோடு நிறுத்திக்கொண்டோம். ஒருநாள் சாயங்காலம் குடையோடு திடலுக்கு வந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். முடிந்ததும் எங்களை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"சிங்கப்பூர்ல எல்லாக் கிளப்பும் மொதல்ல இப்படித்தான் தம்பி, வெறுங்காலோட ஒதச்சுக்கிட்டுக் கெடப்பாங்க. ஒரு கம்பெனிக்காரன் வந்து எடுப்பான். பூட்ஸ் வாங்கித் தருவான், சொந்தமா கிரவுண்டு போடுவான். அப்பறம் பாருங்க வளர்ச்சிய. நான் எடுக்கறேன் இந்தக் கிளப்ப. மெட்ராஸ் லீக்ல ஒங்கள ஆட வைக்கறேன்."

வளர்ச்சி என்ற சொல்லை அவர் சொல்லும்போது வாய் நிறையச் சொல்வார். பயிர்தான் வளரும், பிள்ளைதான் வளரும், கிளப்பும் வளரும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. தையற்கடைக்காரர் பிளாடரையும் பம்பையும் அன்றைக்கே கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, "இனிமே நல்லா இருக்கட்டும்" என்று போனார். அவரை யாரும் இரு என்று சொல்லவில்லை.

பூட்ஸ் வந்தது. பாதிப் பேருக்குக் கால் கொப்புளித்துப்போய் முதல் மேட்சில் வரிசையாகக் கழற்றி எறிந்தார்கள். கேப்டன் மட்டும் கழற்றவில்லை. நொண்டி நொண்டியே ஆடிப் பழகிவிட்டான். அவனுக்கு அப்பா இல்லை, அம்மா நடவுக்குப் போய்த்தான் அவனை வளர்த்தாள். ஆட்டத்தில் அவனைப் போல் ஒருவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. முதலாளி அவனைத் தட்டிக்கொடுத்து மில்லிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். எங்களுக்குச் சந்தோஷம்தான். கிளப் வளர்கிறது என்பதற்கு அவனே அத்தாட்சி மாதிரி இருந்தான்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் கண்டவரிடமும் நிலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். திடலையும் சேர்ந்தாற்போல் இருந்த நிலத்தையும் முதலாளி கிரயம் பண்ணிவிட்டார் என்று செய்தி வந்தபோது நாங்கள் அவருக்கு மாலை போட்டோம். சொந்த கிரவுண்டு வந்துவிட்டதே. கிரயம் ஆன நிலத்தில் அப்பா சாகுபடி செய்த அஞ்சு மாவும் அடக்கம். ஆனால் அதில் அப்பாவை அவர் ஒன்றும் செய்ய முடியாது, பதிவு இருக்கிறது.

அதனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"அண்ணே, ஒங்கள வற்புறுத்த நான் ஒண்ணும் மிராசுதார் இல்ல. லீக்ல சேக்கணும்னா அளவு பாப்பாங்க. திடல் நீளம் பத்தல. மேக்க ஒங்க வயலு சேந்தாத்தான் கிரவுண்டு. இல்லன்னா இந்தப் பசங்க தலையெழுத்து, காலம் பூரா திடல்ல ஒதச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

அப்பா காலிச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார். "வயல விட்டுட்டு நான் என்னங்க பண்றது?"

"கிரவுண்ட நீங்கதான் பாத்துக்கணும். புல்லு போடணும், தண்ணி பாய்ச்சணும், வேற யாருக்கு அந்தக் கைராசி இருக்கு? மாசச் சம்பளம். மகன் கோல்ல நிப்பான், நீங்க பக்கத்துல நிப்பீங்க. இதவிட என்ன வேணும்?"

அவர் போனதும் அம்மா ஆரம்பித்தாள். "ஒதையும் வாங்கி ஸ்டேசன்லயும் ஒக்காந்து காப்பாத்துன வயல, இப்படித் தாம்பாளத்துல வச்சுக் குடுக்கப் போறீங்களா?"

"அவன் புடுங்க வந்தான், விடல. இது நானா குடுக்கறது" என்றார் அப்பா. "நாலு ஊரு புள்ளைங்க வந்து வெளையாடற எடமா இருக்கட்டுமே. நெல்லுதான் வெளையணுமா?"

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கேட்கிறது. யாராலும் பறிக்க முடியாத ஒன்று கையில் இருந்ததால் கொடுக்கவும் முடிந்த மனிதனின் குரல் அது. மறு வாரம் தாலுகா ஆபீசில் தன் பதிவை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். குறுவை அறுத்து முடிந்ததும் வயலில் கலப்பை இறங்கவில்லை. நாங்கள் இறங்கினோம்.

அந்த வேலையை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கூலிக்கு ஆள் வைக்கவில்லை. நம்ம கிரவுண்டு, நாமதான் போடணும் என்றார் முதலாளி. டீம் முழுக்க, ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து, வரப்பை வெட்டிச் சாய்த்தோம். வாய்க்கால் தூர் மண்ணைக் கூடையில் அள்ளி வயலைத் திடலின் உயரத்துக்குத் தூர்த்தோம். ரப்பர் குழாயில் தண்ணீரை நிரப்பி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மட்டம் பார்த்தோம். நடுவில் லேசாக உயர்த்தி, சொட்டு மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடும்படி வாட்டம் வைக்கச் சொன்னார். கல் உருளையை மாட்டுக்குப் பதில் நாங்களே இழுத்தோம். கிழக்கே இருந்த தூங்குமூஞ்சி மரங்களை, ஜனங்கள் நிழலுக்கு நின்று ஆட்டம் பார்க்கிற மரங்களை, வெட்டச் சொன்னார். இலை விழுந்தால் கிரவுண்டு கெட்டுப்போகுமாம். "அப்ப ஆளுங்க வெயில்லயா நிப்பாங்க?" என்று நான் கேட்டேன். "காலரி வருதுப்பா, தகரம் போட்டு" என்றார். வெட்டினோம். காலை முதல் சாயங்காலம் வரை ஒரு கைப்பிடி நிழல் விழாத இடமாக அதை ஆக்கிக் கொடுத்தோம். புல் மட்டும் போடவில்லை. அப்பா இரண்டு மூன்று தடவை கேட்டார். வருது அண்ணே, வருது என்றார்.

மண் இறுகி, தட்டினால் சத்தம் வரும் நிலைக்கு வந்தபோது முதலாளி ஒரு செய்தி சொன்னார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வாரம் தங்கி ஆடும் டோர்னமென்ட். வேன் அவர் செலவு, சாப்பாடு அவர் செலவு, ஜெயித்துக்கொண்டு வந்தால் திறப்பு விழா மேட்சில் அந்தக் கப்பை வைத்துக் கொண்டாடலாம். நாங்கள் அதுவரை வெளியூர் ஆட்டத்துக்கு சைக்கிளில் டபுள்ஸ் போனவர்கள். வேன் என்றதும் தலைகால் புரியவில்லை. கிளம்பும் அன்று கேப்டன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினான். அவன் இல்லாமல் போகிறோமே என்று எனக்குக் கவலையாக இருந்தது. போகும் வழியில் ஒரு கோயிலில் வேனை நிறுத்தி அவனுக்காகவும் திருநீறு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஜெயித்தோம். எப்படி ஜெயித்தோம் என்று கேட்காதீர்கள், கேப்டன் இல்லாத ரோஷத்தில் ஆளாளுக்கு அவன் போல ஆடினார்கள். பைனலில் பெனால்டி ஒன்றை இடது பக்கம் விழுந்து தடுத்தேன். விழுந்த இடத்திலேயே, அப்பாவிடம் சொல்ல வேண்டும், இடது பக்கம் இனி உடையாது என்று, நினைத்துக்கொண்டேன்.

பைனல் முடிந்த மறுநாள் காலை வேன் எங்களை வாய்க்கால் மதகில் இறக்கிவிட்டது. கப்பைத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டு, நேரே கிரவுண்டுக்குப் போனோம்.

கோல் போஸ்ட் இரண்டையும் பிடுங்கி வேலியோரம் போட்டிருந்தது. கிரவுண்டில் பாதிக்குமேல் சிமெண்ட் பூசி முடித்திருந்தார்கள். ஈரம் காயாத இடத்தில் வைக்கோலைப் பரப்பித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மீதிக்குச் சல்லி கொட்டிக் கிடந்தது. கொத்தனார்களிடம் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தது கேப்டன்.

சிமெண்டில் எப்படி ஆடுவது என்று எங்களில் ஒருத்தன் கேட்டான். அவனுக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மில்லில் புழுங்கல் நெல் அவித்தால் காயப்போடக் களம் வேண்டும். சமதளமாக, மண் இறுகி, தண்ணீர் நிற்காமல், நிழலே விழாமல். நாங்கள் ஒரு குறையில்லாமல் போட்டுக் கொடுத்திருந்தோம்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மண்ணு கொட்டறப்பவே தெரியும் மாப்ள. மில்லு நின்னாத்தான் கிளப்பு நிக்கும்னு மொதலாளி சொன்னாரு. அப்பறமா பைபாஸ் பக்கம் பெரிய எடமா வாங்கறாராம்."

"அப்ப காய்ச்சல்?"

அவன் குனிந்து வைக்கோலைச் சரிசெய்தான். திருநீற்றுப் பொட்டலம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை அவன் மேல் வீசி எறிய வேண்டும் போல இருந்தது, எறியவில்லை. முதலாளி ஏமாற்றினார் என்றால் அவர் யாரோ, எங்கிருந்தோ வந்தவர். இவன் என்னோடு சேர்ந்து அந்த உருளையை இழுத்தவன். எல்லாம் தெரிந்தே இழுத்திருக்கிறான்.

முதலாளியிடமும் போனோம். அவர் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. "வருமானம் இல்லாம எந்தக் கிளப்பு தம்பி வளந்திருக்கு? மொதல்ல மில்லு வளரட்டும்" என்று சொல்லி எங்கள் எல்லோருக்கும் காபி வரவழைத்தார். அந்தக் கப்பை வாங்கி ஆபீஸ் அறையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெட்கம் கெட்டவர்கள், அந்தக் காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

அப்பா சங்கத்துக்குப் போனார். அன்று வரப்பில் அவரோடு நின்று அடி வாங்கியவர்தான் அப்போது அங்கே செயலாளர். அவர் கண் கலங்கித்தான் பேசினார். "ஒங்கள யாராச்சும் வெளியேத்தியிருந்தா ஊரையே தெரட்டிக்கிட்டு வந்து நின்னிருப்போம்ணே. நீங்களா எழுதிக் குடுத்துட்டீங்க. இதுக்கு எந்தச் சட்டத்தப் போயி நான் காட்டுவேன்?" அப்பா எழுந்து வந்துவிட்டார். வீட்டில் அம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கிளப் அதோடு சரி. பைபாஸ் பக்கத்து இடம் வரவே இல்லை. ஆனால் கிளப்பின் பெயரால் ஒன்று வளரத்தான் செய்தது. மில் அரிசிக்கு முதலாளி வைத்த பெயர் பந்து மார்க். மூட்டைமேல் நீல மசியில் ஒரு கால்பந்து, அதன்மேல் ஒரு பூட்ஸ் கால். கும்பகோணம் கடைத்தெருவில், மன்னார்குடி மளிகையில், எங்கே போனாலும் அந்த மூட்டை என்னை முறைத்துக்கொண்டு நிற்கும். நான் இன்றுவரை சாக்கைத் திருப்பிப் பார்க்காமல் அரிசி வாங்குவதில்லை.

முதலாளி அப்பாவுக்குச் சொன்ன வாக்கில் ஒன்றை மட்டும் காப்பாற்றினார். அந்த இடத்திலேயே வேலை. கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை, களத்து வேலை. நான் போகாதீங்க என்று சண்டை போட்டேன். "ஒலையில எதப் போடறது?" என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மில் கேட்டருகே நின்று பார்த்தேன். களம் முழுக்க அவித்த நெல் ஆவி பறக்கப் பரப்பியிருந்தது. உச்சி வெயில். புழுங்கல் நெல்லைக் காலால்தான் கிளற வேண்டும், பாதத்தைத் தரையோடு தேய்த்து, நெல்லுக்குள் சால் பிடிப்பது போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். கதிர் வாங்கிய வயலில் ஒரு வெளியாளின் கால் பட்டுவிடக் கூடாது என்று அடிவாங்கிய மனிதர் ஊரார் நெல்லின்மேல் கால் தேய்த்து நடந்துகொண்டிருந்தார்.

கிழக்கிலிருந்து வந்தார். பழைய மேற்குக் கோல் போஸ்ட் இருந்த இடத்தைத் தாண்டியதும், வேகம் குறையாமல், இடது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி எட்டி வைத்தார். பின்னாலேயே வலது காலையும். அங்கே எதுவும் இல்லை, வழவழவென்று சிமெண்ட்தான். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அது எங்கள் வயலின் கிழக்கு வரப்பு. மேற்கே போய்த் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே போல் காலைத் தூக்கி வைத்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

மில் தாழ்வார நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கேப்டன் குரல் கொடுத்தான். காலில் கிளப் பூட்ஸ். "மாமா, அந்த எடத்துல எப்பவும் கால தூக்கிடறீங்க. ஒரு கோடு முழுக்க நெல்லு பெரளாம நிக்கிது பாருங்க. கால ஓட்டிப் போங்க."

அப்பா நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வரப்புக்கே வந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அதன்மேல் காலைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

நான் தூக்குச் சட்டியைக் கேட்டோரம் வைத்துவிட்டு அவர் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.